எலுமிச்சம்பழம் கட்டிய ஆன்டெனா

கார் ரேடியோ வேலை செய்கிறவர்கள் போனில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். ஆரணி, போளூர், திருவண்ணாமலை பக்கத்து ஆட்கள்தான் அதிகம். போன வாரம் அதில் ஒருவர் என்னைக் கேட்டிருந்தார். “அண்ணே, இப்ப வர்ற வண்டில ரேடியோவ கழட்டவே முடியல. எல்லாம் திரைக்குள்ள போய்டுச்சி. டிஎஸ்பி டிஎஸ்பின்றாங்களே, அது உள்ள இன்னாதான் பண்ணுது? நீங்கல்லாம் அதுல கோளாற எப்டி கண்டுபுடிச்சீங்க?” பேசி அனுப்பலாம் என்று ஆரம்பித்தேன். பாதியில் நான் ஏற வேண்டிய பஸ் வந்துவிட்டது. சந்தவாசல் கடையை ஒரேயடியாக மூடிய பிறகு நான் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறேன். நின்று பேச நேரமில்லை. அதனால் எழுதுகிறேன்.

சந்தவாசலில் ஏழாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தை விட்டேன். வறுமை காரணம் என்று சொன்னால் பொய். வறுமை இருந்தது, ஆனால் என்னோடு படித்து முடித்தவர்கள் வீட்டிலும் அது இருந்தது. எனக்கு ஒரே பெஞ்சில் உட்கார முடியவில்லை. வேலூர் ரோட்டில் நின்று லாரி ஏறினேன். கிளீனர் வேலை. ஹூப்ளி, சோலாப்பூர், நாக்பூர். லாரியில் டேப் சிக்கிக்கொண்டால் டிரைவருக்குத் தூக்கம் வரும், டிரைவருக்குத் தூக்கம் வந்தால் எல்லோருக்கும் ஆபத்து. அதனால் டேப் ரெக்கார்டரைத் திறந்து மூடக் கற்றுக்கொண்டேன். சோலாப்பூரில் மலேரியா வந்தது. டிரைவர் என்னை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். சரக்கு கெட்டுப்போகும், அவர் காத்திருக்க முடியாது. காய்ச்சல் விட்டதும் நான் ஏறிய அடுத்த லாரி பெங்களூர் போய்க்கொண்டிருந்தது. அப்படித்தான் பெங்களூருக்கு வந்தேன். வேறு திட்டம் எதுவும் இல்லை.

அங்கே ஒரு கார் ரேடியோ சர்வீஸ் சென்டரில் தரை பெருக்கச் சேர்ந்தேன். பெருக்குகிறவன் ஈயம் பற்ற வைப்பவன் ஆனது, பற்ற வைப்பவன் பெஞ்சில் உட்கார்ந்தது எல்லாம் இந்தத் தொழிலில் எல்லோருக்கும் நடப்பதுதான். எனக்குக் கொஞ்சம் அதிக நாள் ஆனது, ஏனென்றால் நடுவில் இரண்டு முறை சொல்லாமல் ஓடிப்போனேன். இரண்டு முறையும் திரும்பச் சேர்த்துக்கொண்டவர் பிலோமினா மேடம்.

மேடம்தான் அங்கே தலைமை. என்னைவிடப் பெரிய வயசு இல்லை. பொறியியல் படித்தவர். யாரையும் வெறும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார், டீ கொண்டு வருகிறவர்கூட அவருக்கு மிஸ்டர்தான். குரலை உயர்த்த மாட்டார். ஆனால் “மிஸ்டர் ஏழுமலை” என்று மெதுவாகச் சொன்னால் எனக்குத் திருப்புளி கையிலிருந்து விழுந்துவிடும். முதல் தடவை ஓடிவிட்டுத் திரும்பியபோது, “மிஸ்டர் ஏழுமலை, ஊரெல்லாம் சுகமா?” என்று மட்டும் கேட்டார். இரண்டாவது தடவை அதையும் கேட்கவில்லை. சோல்டரிங் அயர்னை என் பக்கம் தள்ளிவைத்தார்.

அவரிடம் ஒரு முறை இருந்தது. வண்டி வந்தால் யாரும் செட்டைத் தொடக் கூடாது. முதலில் வண்டிக்குள் போய் உட்கார வேண்டும், கதவைச் சாத்த வேண்டும், கையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். என்ஜின் அணைந்திருக்க, சாவியைப் பாதி திருப்பிக் கேட்க வேண்டும். பிறகு என்ஜினைப் போட்டுக் கேட்க வேண்டும். பிறகு விளக்கு, வைப்பர், ஹாரன், பிரேக், ஒவ்வொன்றாக. வெளியே வந்து என்ன கேட்டது என்று மேடத்திடம் சொல்ல வேண்டும். கேட்டதை மட்டும்தான் சொல்ல வேண்டும். “ஆல்டர்னேட்டர் போச்சு மேடம்” என்று சொன்னால், “அது நீங்க நினைச்சது. கேட்டது என்ன?” என்பார். “ஆக்சிலேட்டர் மிதிச்சா விசில் மாதிரி ஏறுது மேடம்.” “ம். இப்ப போய் மீட்டர் எடுங்க.” காது, மீட்டர், கடைசியில்தான் கை. பெஞ்சுக்கு வருகிற செட்டில் பாதியில் கோளாறே இருக்காது, கோளாறு வண்டியில் இருக்கும் என்பது அவர் கணக்கு. அது சரியான கணக்குதான்.

ஒரு வாடகைக் காரின் ரேடியோ டப் டப் என்று அடிக்கிறது என்று மூன்று கடை ஏறி இறங்கி வந்தார்கள். உட்கார்ந்து கேட்டேன். பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் அடித்தது. பின்னால் போய்ப் பார்த்தால், பிரேக் விளக்கின் எர்த் கம்பி திருகு தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. ஒரு திருகை முறுக்கினேன், வேலை முடிந்தது. மேடம் எட்டிப் பார்த்து, “செட்டைத் திறந்தீங்களா?” என்றார். “இல்ல மேடம்.” அவர் சிரித்ததை நான் பார்த்த சில தடவைகளில் அது ஒன்று.

பிறகுதான் டிஎஸ்பி செட்டுகள் வந்தன. கேட்டவருக்காக இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

பழைய செட்டில் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் உறுப்பு இருந்தது. காயில் ஒன்று, கண்டென்சர் ஒன்று, பிழையானதைத் தொட்டுக் காட்டலாம். புது செட்டில், ஆன்டெனா வழியாக வருகிற அலையை ஒரு நொடிக்குப் பல லட்சம் தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக்கிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு உள்ளே ஒலி என்று எதுவும் கிடையாது, எண்கள்தான். டிஎஸ்பி என்கிற அந்தச் சில்லுக்குப் பெருக்கவும் கூட்டவும் தெரியும். இப்போது வந்த எண்ணை இவ்வளவால் பெருக்கு, அதற்கு முன் வந்ததை இவ்வளவால் பெருக்கு, எல்லாவற்றையும் கூட்டு என்று அதற்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்தப் பெருக்கலும் கூட்டலுமே ஒரு சல்லடை ஆகிவிடுகிறது. பக்கத்து ஸ்டேஷன் மேலே நின்றுவிடும், நம் ஸ்டேஷன் கீழே விழும். பெருக்கும் எண்ணை மாற்றினால் சல்லடையின் கண் மாறும். அதை அந்தச் சில்லு ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றும். கடைசியில் எண்களைத் திரும்ப ஒலியாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பிவிடும்.

என்ஜினின் தீப்பொறியிலிருந்து ஒரு டப் சத்தம் உள்ளே வந்தால், அந்தத் துளியை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு, முன்னும் பின்னும் இருக்கிற எண்களைப் பார்த்து ஓர் ஒட்டுப் போடும். காதுக்குத் தெரியாது. அலை பலவீனமானால் முதலில் இடது வலது என்று பிரிந்து வருகிற ஒலியை ஒன்றாக்கும், அதில் இரைச்சல் குறையும். இன்னும் பலவீனமானால் கீச்சென்ற மேல்சுரத்தை வெட்டும், இரைச்சல் அதில்தான் அதிகம். அதற்கும் கீழே போனால் சத்தத்தையே மெல்லத் தணித்துவிடும். மலையில் அலை பாறையில் பட்டுத் திரும்பி, நேராக வந்ததோடு மோதும். அதையும் கவனித்து இதே வேலைகளைச் செய்யும். பழைய செட் இரைந்து கத்தித் தன் வியாதியைச் சொல்லிவிடும். இது சொல்லாது. மரியாதையான ஆள். வலியை மறைத்துக்கொண்டு சிரிக்கும், தாங்க முடியாதபோது பேசாமல் போய்விடும். இந்தக் குணத்தைப் புரிந்துகொண்டவனுக்கு டிஎஸ்பி செட் பயமில்லை.

பெங்களூரில் நிறைய வருஷம் இருந்துவிட்டேன் என்று தோன்றியதும் கிளம்பினேன். இந்த முறை மேடத்திடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். சந்தவாசலில் ரோட்டோரம் கடை போட்டேன். மலையிலிருந்து இறங்குகிற வண்டிகள், போளூர் வண்டிகள், கலசப்பாக்கம் சந்தைக்குப் போகிற வேன்கள் எல்லாம் வந்தன. அந்தக் கடையில் வந்த ஒரு வண்டியைப் பற்றித்தான் முக்கியமாக எழுத வேண்டும்.

வெள்ளையன் ஜவ்வாது மலையில் புலிக்கொல்லைக்காரர். சாமை விதைப்பார், புளியமரம் சில இருக்கின்றன, மீதி நேரம் ஷேர் வேன் ஓட்டுவார். காலையில் ஆட்களை இறக்கிவிட்டு, சாயங்காலம் ஏற்றிக்கொண்டு மலையேறுவார். அவர் மகள் செண்பகம் திருவண்ணாமலையில் காலேஜ் முடித்துவிட்டு அங்கேயே ஒரு சின்ன எஃப்எம் ஸ்டேஷனில் வேலைக்குச் சேர்ந்திருந்தது. சாயங்காலம் விவசாயிகளுக்கான நிகழ்ச்சியை அதுதான் நடத்தியது. வெள்ளையன் பழைய ஜீப்பைக் கொடுத்துவிட்டுப் புது வேன் எடுத்ததே அதில் நல்ல ரேடியோ இருக்கிறது என்றுதான். அடிவாரத்தில் ரேடியோ மணி மாதிரி பேசும். மலையேறி நாலைந்து வளைவு போனதும் மெல்லத் தணிந்து, ஊமையாகிவிடும். மகளின் நிகழ்ச்சி வரும் நேரத்தில் வேன் எப்போதும் அந்த வளைவுகளில்தான் இருக்கும்.

ஷோரூமில் செட்டையே மாற்றிக் கொடுத்திருந்தார்கள். புது செட்டும் ஊமையானது. மலையில் அப்படித்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அடிவாரத்தில் அவ்வளவு நன்றாகக் கேட்கிற செட்டை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

என் கடைக்கு வந்த அன்று வேனில் அவரோடு முனுசாமியும் இருந்தார். புளி வாங்கி விற்கிறவர், மலையில் புலிக்கொல்லைக்கு முன்னாலேயே இறங்குகிற ஊர்க்காரர், வெள்ளையனுக்கு மச்சான் முறை.

“ரேடியோக்காரரே, செட்டப் பாக்காதீங்க. பொண்ணப் பாருங்க. ரேடியோல பேசறன்னு சொல்லிக்கினு அங்க இன்னா வேல செய்யுதோ.”

வெள்ளையன் சாவியை என்னிடம் நீட்டினார். நான்தான், “ஏங்க, அது பேசினத போன்ல அனுப்பல?” என்றேன்.

“அனுப்பிச்சி. போன்ல எவன் வேணா பேசி அனுப்பலாம். நான் கூட இன்னிக்கி மந்திரி மாதிரி பேசி உங்களுக்கு அனுப்பறேன். ரேடியோல வரணும். இவுரு வண்டில தெனமும் ஏறறோம், ஒரு நாளு வந்துச்சா? ஆறு மாசமா பொண்ணுக்கு லீவு!”

அவர் டீ குடிக்கப் போன பிறகு வெள்ளையன் சொன்னார். ஊரில் பேசிவிட்டார்கள். பெண்ணைத் திருப்பிக் கூட்டி வந்துவிடு என்கிறார்கள். மனைவியின் அண்ணன்மார் அடுத்த அமாவாசைக்குள் தாங்களே போய்க் கூட்டி வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

“நான் நம்பறேண்ணே. போயி கண்ணால பாத்துட்டு வந்தேன். கண்ணாடி ரூம்ல ஒக்காந்து பேசுது. நம்பாதவங்க காதுல வுழணும். இந்த வண்டிலயே வுழணும்.”

நான் வண்டிக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். கையை மடியில் வைத்தேன். சாவி, என்ஜின், விளக்கு, வைப்பர். ஒரு குறையும் இல்லை. அப்பழுக்கு இல்லாத ஒலி. கேட்டது என்ன என்று மேடம் கேட்டிருந்தால், “நல்லா இருக்கு மேடம்” என்றுதான் சொல்லியிருப்பேன்.

அன்று சாயங்காலம் அந்த வண்டியிலேயே மலையேறினேன். என் பையில் எப்போதும் ஒரு பழைய சின்ன ரேடியோ இருக்கும். அதில் டிஎஸ்பி எல்லாம் கிடையாது. வேன் ரேடியோ ஊமையான வளைவில் வண்டியை நிறுத்தச் சொல்லி, அதைக் காதில் வைத்தேன். ஓயாத இரைச்சல், அதற்கு அடியில் ஒரு பேச்சு. பேசுவது ஆணா பெண்ணா என்று மட்டும் சொல்லலாம், யார் என்று சொல்ல முடியாது. ஆனால் அலை இருக்கிறது. கையளவு டப்பாவுக்குக் கிடைக்கிற அலை, கூரையில் ஆன்டெனா வைத்த வேனுக்கு ஏன் கிடைக்கவில்லை?

மறுநாள் கடையில் வைத்து, செட்டின் உள்திரையைத் திறந்தேன். இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால் அந்த செட்டில் ஒரு திரை வரும், கம்பெனி ஆட்கள் பார்ப்பதற்கானது. அதில் அலையின் பலம் எண்ணாகத் தெரியும். ரேடியோ மணி மாதிரி பேசிக்கொண்டிருந்தது. எண்ணைப் பார்த்தேன். சாகக் கிடக்கிறவன் நாடி மாதிரி இருந்தது.

அங்கேதான் எனக்குப் பிடிபட்டது. வண்டி அடிவாரத்திலேயே வியாதியோடு இருக்கிறது. அடிவாரத்தில் அலை தாராளமாக வருவதால், அதில் பெரும்பகுதி வழியில் தொலைந்தும், மிச்சத்தை வைத்து டிஎஸ்பி ஒப்பேற்றிவிடுகிறது. மலையில் அலை குறைகிறது, பாறை வேறு குழப்புகிறது. அதிலும் பெரும்பகுதி தொலைந்தால் அது என்ன செய்யும்? மரியாதையாக வாயை மூடிக்கொள்கிறது. செட்டை எத்தனை தடவை மாற்றினாலும் இதேதான் நடக்கும்.

மீட்டரை எடுத்தேன். செட்டின் பின்னால் வயர் சரி. முன்கண்ணாடி ஓரத் தூணுக்குள் ஓடுகிற வயர் சரி. ஆன்டெனாவின் அடிப்பாகத்துக்கும் கூரைத் தகரத்துக்கும் இடையே வைத்தபோது முள் நிலைகொள்ளாமல் ஆடியது. அங்கே தகரத்தோடு தகரம் ஒட்டியிருக்க வேண்டும். ஏணி வைத்து ஏறினேன்.

ஆன்டெனா அடியில் ஓர் எலுமிச்சம்பழம், அறுத்துக் குங்குமம் தடவி, மஞ்சள் கயிற்றில் கட்டியிருந்தது. அதற்குக் கீழே மஞ்சளும் குங்குமமும் அடை அடையாக. வண்டிக்கு எலுமிச்சம்பழம் எல்லோரும் கட்டுவார்கள், முன்னால் கட்டுவார்கள். கூரையில் கட்டி நான் பார்த்ததில்லை.

“வெள்ளையா, இது இன்னாப்பா, இங்க கட்டியிருக்க?”

“அமாவாசைக்கு அமாவாசை மாத்திடுவேண்ணே. செம்பகம் வேலைக்கி சேந்ததுலேர்ந்து. அது கொரலு இது வழியாதான வருது? எவன் கண்ணும் படக் கூடாதில்ல.”

ரப்பரை நீக்கிப் பார்த்தேன். எலுமிச்சைச் சாறும் மஞ்சள் தண்ணியும் மழையும் உள்ளே இறங்கி, தகரத்தைத் தின்று, செம்பைப் பச்சையாக்கி, எல்லாம் ஒரு களிம்பாக நின்றது. மகளின் குரல் இவ்வளவு தூரம் வந்து, கடைசி அரை விரல் தூரத்தில் அந்தக் களிம்பில் கசிந்துகொண்டிருந்தது.

எப்படிச் சொல்வது என்று ஏணி மேலேயே கொஞ்சம் நின்றேன். கடைசியில் அவரையே மேலே ஏறி வரச் சொல்லிக் காட்டினேன். விரலால் தொட்டுப் பார்த்தார். விரலில் ஒட்டியதை முகர்ந்தார்.

“அப்ப அது வாய நான்தான் கட்டிப்புட்டனா?”

“பழம் கட்டுனது தப்பில்லப்பா. ஈரம் எறங்கினதுதான் தப்பு. முன்னாடி கட்டிக்க.”

அவர் சாய்ந்திருந்த பழத்தை நேராக்கி வைத்தார். “இல்லண்ணே. எடுக்க மாட்டேன். எடுத்தா எம்பொண்டாட்டி வூட்டுக்குள்ள வுட மாட்டா. நானும் எடுக்க மாட்டேன்.”

“கொரலு வேணாமா?”

“கொரலும் வேணும், பழமும் வேணும். நீ எதுக்கு இருக்கற?”

சரிதானே. நான் எதற்கு இருக்கிறேன்? கூரையின் பின்பக்கத்தில் புது ஆன்டெனாவுக்கு இடம் பார்த்தேன். பெயின்ட்டைச் சுரண்டித் தகரம் பளபளவென்று தெரியும்வரை தேய்த்தேன். அடிப்பாகத்தை முறுக்கி உட்கார வைத்து, கிரீஸ் தடவி, சொட்டு நீர் இறங்காதபடி ரப்பரைப் பதித்தேன். புது வயர் இழுத்து செட்டில் மாட்டினேன். பழைய ஆன்டெனாவைத் துடைத்து, அது இருந்த இடத்திலேயே விட்டேன். அதன் வயர் எதிலும் சேராமல் கூரைக்குள் சுருட்டிக் கிடக்கிறது. “அது சாமிக்கு. இது ரேடியோவுக்கு. மாத்திக் கட்டிடாத” என்றேன். உள்திரையைத் திறந்தேன். எண் எகிறி நின்றது. பெங்களூர்ப் பெஞ்சில்கூட அப்படி ஓர் எண்ணைப் பார்த்து நான் கை தட்டியதில்லை. அன்று தட்டினேன்.

சாயங்காலம் வேன் நிறைய ஆட்கள். விறகுக்கட்டு, கோழி, அரிசி மூட்டை, எல்லாவற்றுக்கும் நடுவில் நான். முன் சீட்டில் முனுசாமி.

“இன்னா மாமா, ரேடியோக்காரர கூடவே இட்டுனு வர்ற? பொண்ணு பேசலன்னா அவர் பேசுவாரா?”

வெள்ளையன் வண்டியை எடுத்தார். முதல் வளைவில் விளம்பரம். இரண்டாவதில் ஒரு பாட்டு. வழக்கமாகத் தணிகிற இடம் வந்தது, தணியவில்லை. பாட்டு முடிந்தது.

“வணக்கம். உழவர் நேரத்தில் உங்களோடு நான் செண்பகம், ஜவ்வாது மலை புலிக்கொல்லையிலிருந்து...”

வேனில் கோழி மட்டும்தான் கத்தியது. பின்னாலிருந்து ஒரு அம்மா, “ஏ, நம்ம செம்பகம்டி!” என்றார். “ஊர் பேரச் சொல்லுது பாரு!” “அட, இது அதும் கொரலுதான், மூக்கால பேசுது பாரு.” “சும்மா இருங்கடி, கேக்கட்டும்.”

செண்பகம் சாமைக் கதிரை எப்போது அறுப்பது, மழை வரும்போல் இருந்தால் களத்தில் என்ன செய்வது என்று சொல்லிக்கொண்டிருந்தது. பெரிய பாறை வளைவு வந்தது. அலை பாறையில் மோதும் இடம். குரல் மழுங்கி, போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆனது. டிஎஸ்பி தன் வேலையைச் செய்கிறது என்று எனக்குத் தெரியும். மேல்சுரத்தை வெட்டுகிறது, ஆனால் வாயை மூடவில்லை. வளைவு தாண்டியதும் குரல் மறுபடி தெளிந்தது.

நிகழ்ச்சி தொடங்கிய பிறகு முனுசாமி முதல் தடவையாக வாயைத் திறந்தார். “இன்னா மாமா, பொண்ணுக்குச் சளியா? கொரலு அமுங்குச்சே.”

“இல்லடா,” என்றார் வெள்ளையன். ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார், கண்ணைத் துடைக்க ஒரு கையை எடுத்துவிட்டு, அடுத்த வளைவுக்கு அவசரமாக ஸ்டியரிங்கில் திரும்ப வைத்தார். “பாறை.”

நிகழ்ச்சி ஓடியது. ஒரு விவசாயி போனில் வந்து ஏதோ கேட்டார், செண்பகம் அவரை “ஐயா” என்று கூப்பிட்டுப் பொறுமையாகப் பதில் சொன்னது. “கெவர்மெண்ட்டு ஆபீஸர் மாதிரி பேசுதே” என்றார் பின்னாலிருந்தவர். முனுசாமி காதை ஸ்பீக்கர் பக்கம் சாய்த்து, அந்த விவசாயி கேட்டதற்கு நடுவில், “அத கேக்காத, புளிய கேளுய்யா” என்று ரேடியோவிடம் சொன்னார்.

“நன்றி, வணக்கம்” வந்ததும் வேனில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். வெள்ளையன் பேச வேண்டியது எதுவும் மிச்சமில்லை. அவர் மனைவியின் அண்ணன்மாரில் ஒருவர் அதே வேனில்தான் இருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பின்சீட்டிலிருந்து, “மாப்ள, அமாவாசைக்கி நாங்க போவல” என்றார். “பொங்கலுக்கு அதுவே வரட்டும்.”

அந்த நேரத்தில் முனுசாமி திடீரென்று வெளியே பார்த்துவிட்டுக் கத்தினார். “யோவ், நிறுத்துய்யா! எங்க ஊரு எப்பவோ போய்டுச்சி!”

வெள்ளையன் வண்டியை நிறுத்தினார். முனுசாமி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி, வந்த வழியே இறக்கத்தில் நடந்தார். திருப்பிக் கொண்டுபோய் விடட்டுமா என்று வெள்ளையன் கேட்கவில்லை. வேனில் வேறு யாரும் கேட்கவில்லை.